மழைக்கு முன் விரிசலை அளந்து வையுங்கள், பூசிவிடாதீர்கள்
புரட்டாசி ஆலோசனை: கரிசல் மண் வீடுகளுக்கு

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் கரிசல் மண் இப்போது காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அதே மண் நீரை உறிஞ்சி உப்பும். அஸ்திவாரம் ஆழமில்லாத வீடு மண்ணோடு சேர்ந்து அசையும். சுவர் வெடிப்பதும் கதவு இறுகுவதும் தரை மேடுபள்ளமாவதும் இதனால் வரலாம். வேறு காரணங்களும் உண்டு. காரணம் தெரியாமல் பட்டி வைத்து அடைப்பது வீண்செலவு. மண் காய்ந்திருக்கும் இந்த வாரமே அளவெடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியவை

1. விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஸ்கேலை வைத்து ஃபோட்டோ எடுங்கள். ஏடிஎம் கார்டின் கனம் சுமார் முக்கால் மில்லிமீட்டர். அது நுழையும் விரிசல்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. பூச்சைச் சுரண்டி, செங்கல்மேல் விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது.

3. கொத்தனாரை அழைத்து, லெவல் டியூப் பிடித்து நான்கு சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடு போடச் சொல்லுங்கள். கோட்டிலிருந்து தரைவரை பல இடங்களில் அளந்து எழுதிவையுங்கள்.

4. இரவில் சம்ப்பை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, நீர்மட்டத்தைக் குறியுங்கள். யாரும் தண்ணீர் எடுக்காமலே காலையில் இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது.

5. மொட்டைமாடி மழைநீர் அஸ்திவாரத்தருகே விழாதபடி குழாயை நீட்டுங்கள். வீட்டைச் சுற்றி வெளிப்பக்கம் சரிவு வையுங்கள். உடைந்த கழிவுநீர்க் குழாயை மாற்றுங்கள். சுவரருகே பெரிய மரம் இருந்தால் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். வேர் குடித்துவந்த நீர் மண்ணிலேயே தங்கி, மண் உப்பக்கூடும்.

விரிசல் காட்டும் அடையாளம்

வலைபோல் மெல்லிய கீறல்: பெரும்பாலும் பூச்சுக்குத் தண்ணீர் நனைப்பு போதவில்லை.
மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே படுக்கை விரிசல்: தளம் வெயிலில் விரிந்து சுருங்குகிறது.
ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டு போல, ஒரு முனையில் அகன்ற விரிசல்: பெரும்பாலும் அஸ்திவாரம் அசைகிறது.
தூணில் நெடுக்காக, துருக்கறையோடு: உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது.

தரை காட்டும் அடையாளம்

டைலைத் தட்டினால் பொக்கென்று கேட்டால் அடியில் கலவை பிடிக்கவில்லை. சுவர்க்கோடு மட்டமாகவே இருக்க, தரை மட்டும் தாழ்ந்துபோனால், திமிசு போடாமல் நிரப்பிய மண் அமுங்கியிருக்கும். கோடே சாய்ந்தால் அஸ்திவாரத்தில் கோளாறு. கூடத்தின் நடுவே தரை எழும்பினால் அடியில் ஈரம் தங்கிக் கரிசல் உப்புகிறது.

உடனே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழையுங்கள்

தூணிலோ பீமிலோ விரிசல், 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், நாளுக்கு நாள் விரிவது: இவற்றில் எது தெரிந்தாலும் மழை முடியக் காத்திருக்க வேண்டாம். அந்த அறையில் யாரையும் படுக்க விடாதீர்கள்.

தையிலும் சித்திரையிலும்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பென்சில் குறிகளை அழித்துவிடாதீர்கள். தையில் ஒருமுறை, சித்திரை வெயிலில் ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள். விரிசல் மழையில் மூடி வெயிலில் திறந்தால் மண்தான் காரணம். அஸ்திவாரத்தருகே ஈரம் கூடிக் குறையாமல் தடுப்பதே முதல் வேலை. அளவு மாறவே இல்லையென்றால் அசைவு நின்றுவிட்டது, தைரியமாக அடைக்கலாம். மழை, வெயில் பாராமல் அகன்றுகொண்டே போனால், எழுதிவைத்த அளவுகளோடு இன்ஜினியரிடம் போங்கள்.