சுவர்ப் பத்திரிகை: வாசிக்க வந்தவர் மறுபடியும் வருவதற்கு

இடம்பெயர்ந்து வாழும் இடத்தில் தண்ணீருக்கும் உணவுக்கும் அடுத்தபடியாக நாம் தேடுவது செய்தியைத்தான். ஊர்க்காணி எப்போது விடுபடும், காணிப் பதிவு எந்தத் திகதியில், விதைநெல் எங்கே கொடுக்கிறார்கள், கமநல சேவை நிலையத்தில் எந்தப் படிவம் நிரப்ப வேண்டும் என்பவை அந்தச் செய்திகள். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டால் ஒரு போகமே கைவிட்டுப் போகலாம்.

சொந்த ஊரில் இருந்தபோது இவற்றை நாம் தேடிப் போனதில்லை. வாசிகசாலையில், சங்கக்கடையில், கோவில் வீதியில், தோட்டத்துக் கிணற்றடியில் அவை தாமாகவே காதுக்கு வந்தன. ஊரை விட்டு வந்தபோது காணியோடு அந்த வழிகளையும் விட்டுவிட்டு வந்தோம். இப்போது பெரும்பாலும் கைத்தொலைபேசியில்தான் செய்தி வருகிறது. அதில் எழுதியவர் பெயர் இராது, திகதி இராது, எந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்கு உரியது என்பதும் இராது. போன வருடத்து அறிவித்தல் இந்த வருடமும் சுற்றி வருகிறது. அதை நம்பி ஒருநாட் கூலியையும் பஸ் காசையும் இழந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் நம்மிடையே பலர்.

இதற்கு அதிகம் செலவில்லாத ஒரு வழி, நாமே நடத்தும் சுவர்ப் பத்திரிகை. ஒரு டிமை தாள், இரண்டு மாக்கர் பேனை, தாளை மாட்ட ஒரு பலகை போதும். தொடங்குவது இலகு. முதலாவது தாளைச் சுற்றிப் பெரிய கூட்டமே நிற்கும். நாலாவது தாளுக்கு முன் ஓர் ஆட்டுக்குட்டி மாத்திரம் நிற்கும், அதுவும் பசையை நக்குவதற்காக! ஆகவே எப்படித் தொடங்குவது என்பதை விட, வந்த வாசகரை எப்படி வைத்திருப்பது என்பதையே இந்தப் பாடத்தில் கூடுதலாகப் பார்ப்போம்.

யாருக்காக எழுதுகிறோம்?

இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த சித்திரகூட மாவட்டம் வறட்சிக்குப் பேர்போனது. அங்கே 2002 ஆம் ஆண்டில் 'கபர் லகரியா' என்ற பத்திரிகை தொடங்கியது. செய்தி அலைகள் என்பது அதன் பொருள். நடத்தியவர்கள் கிராமத்துப் பெண்கள். அவர்களுட் பலர் தலித் மக்கள். சிலர் வயது வந்த பின்பே எழுத்தறிவு பெற்றவர்கள். செய்தி சேகரித்தவர்களும் எழுதியவர்களும் அவர்களே. தாளைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய் விற்றவர்களும் அவர்களே.

அவர்கள் பாடப்புத்தக இந்தியில் எழுதவில்லை. அந்தப் பகுதி மக்கள் வீட்டில் பேசும் புந்தேலியில் எழுதினார்கள். பழுதுபட்ட கைப்பம்பி, முடியாத வீதி, ஒழுங்காக வராத பங்கீட்டு அரிசி என்று தலைநகரப் பத்திரிகைகள் கவனிக்காத விடயங்களையே முன்பக்கத்தில் போட்டார்கள். விற்கப் போன இடத்தில் வாசகர் சொன்ன குறையே அடுத்த இதழுக்குச் செய்தியானது. 2009 இல் அப்பத்திரிகைக்கு யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது. பின்னாளில் அச்சை விட்டுக் காணொளிக்கு மாறிய போதும் கிராமத்துச் செய்தியை அவர்கள் விடவில்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். உலகச் செய்திக்கு வானொலி இருக்கிறது. நமது தாளில், பலகையிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் உள்ளவருக்குப் பயன்படும் செய்திதான் முதலில் வரவேண்டும். மொழியும் அவருடையதாக இருக்கட்டும். 'விண்ணப்பதாரிகள் உரிய ஆவணங்களுடன் சமுகமளித்தல் வேண்டும்' என்று கந்தோரில் எழுதியிருந்தால், நாம் 'போகும்போது அடையாள அட்டையும் காணி உறுதியும் கொண்டு போங்கள்' என்று எழுதுவோம். உறுதி தொலைந்துபோனவர் முதலில் யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் ஒரு வரியில் சேர்ப்போம், ஏனெனில் அத்தகையோர் நம்மில் அதிகம்.

எங்கே தொங்கவிடுவது?

ஆட்கள் ஏற்கெனவே காத்து நிற்கும் இடமே நல்ல இடம். தண்ணீர்க் குழாயடி, கடை வாசல், பஸ் தரிப்பிடம் என்று பாருங்கள். பொதுமண்டபத்தின் உட்சுவரில் மாட்டினால், கூட்டத்துக்கு வரும் ஆண்கள் மாத்திரமே வாசிப்பார்கள். வாளியோடு வரிசையில் நிற்கும் பெண்களுக்கு வாசிக்க நேரமும் உண்டு, வாசித்ததை வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கமும் உண்டு. தாள் சராசரிப் பெண்ணின் கண் உயரத்தில் இருக்கட்டும். நாலு அடி தள்ளி நின்றும் தெரியக்கூடிய எழுத்து வேண்டும். ஒரு தாளில் ஐந்தாறு செய்திக்கு மேல் அடைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மேலே ஒரு தகரமும் முன்னால் ஒரு கண்ணாடிப் பொலித்தீனும் போடுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கும் பார்வை மங்கிய அப்பு, ஆச்சிமாருக்கும் பின்னேரத்தில் ஒரு மாணவர் உரத்து வாசித்துக் காட்டலாம்.

சொன்ன நாளில் வரவேண்டும்

வாசகர் நம்மை நம்புவதற்கு முதற் காரணம் நல்ல எழுத்து என்று நாம் நினைக்கிறோம். அது இரண்டாவது காரணம். முதலாவது, சொன்ன நாளில் தாள் இருப்பது. வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை காலை அங்கே இருக்க வேண்டும். ஒரு கிழமை வந்து, மறுகிழமை வராமல், மூன்றாங் கிழமை இரட்டைத் தாளாக வந்தால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். கிழமைக்கு ஒன்று முடியாவிட்டால் இரண்டு கிழமைக்கு ஒன்று என்று முடிவுசெய்யுங்கள். அதில் வெட்கமில்லை.

அதற்கு ஒருவரையே நம்பியிருக்கக் கூடாது. அவருக்கு வெங்காயம் கிண்டக் கூலிவேலை வந்தால் பத்திரிகை நின்றுவிடும். மூன்று நாலு பேர் முறைவைத்துச் செய்யுங்கள். விசாரிக்க நடப்பவர் ஒருவர், கையெழுத்து நல்ல மாணவி ஒருவர், எழுதியதைச் சரிபார்க்க மூத்தவர் ஒருவர் என்று வையுங்கள். அறுவடைக் காலத்தில் தாளைப் பாதியாகக் குறைக்கலாம், நாளை மாற்றக் கூடாது.

ஒவ்வொரு செய்தியின் அடியிலும் திகதியும், அதைச் சொன்னவர் யார் என்பதும் இருக்க வேண்டும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது; அதே வருடம் நவம்பரில் அது விலக்கப்பட்டது. ஜூன் மாதம் உண்மையாக இருந்த செய்தி மார்கழியில் பொய்யாகிவிட்டது. திகதியில்லாத தாளொன்று சுவரில் கிடந்திருந்தால், அதை நம்பியவர் உரம் தேடாமலே இருந்திருப்பார். காலம் முடிந்த அறிவித்தலை அன்றே கழற்றிவிடுவதும் பத்திரிகை வேலைதான்.

கேள்விப் பெட்டி

நமது நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. முடிதிருத்தும் தொழிலாளியாக இருந்த எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கினார். பெரிய முதல் இல்லை, பின்னால் நிறுவனமும் இல்லை. இதழ்களைத் தாமே சுமந்து சென்று கைக்குக் கை விற்றார். போர்க்கால நெருக்கடிகளிலும் இடப்பெயர்வுகளிலும் தடைப்பட்டும் தொடர்ந்தும் நாற்பது வருடங்களுக்கு மேல் அதை நடத்தினார். 'தூண்டில்' என்ற பகுதியில் வாசகர்களின் கேள்விகளுக்கு அவரே பதில் எழுதினார். தன் கேள்விக்கு என்ன பதில் வந்தது என்று பார்க்க விரும்புபவர் அடுத்த இதழைத் தேடுவார் அல்லவா?

நாமும் அதையே செய்யலாம். பலகைக்குக் கீழே ஒரு பால்மா ரின்னில் துவாரமிட்டு மாட்டுங்கள். பெயர் போடாமலும் கேள்வி போடலாம் என்று எழுதி வையுங்கள். ஆரம்பத்தில் பெட்டி வெறுமையாகவே கிடக்கும். அப்போது குழாயடியில் காதில் விழும் கேள்விகளை நாமே எழுத வேண்டியதுதான். மிளகாய் இலை ஏன் சுருளுகிறது? வாடகைக் காணியில் பயிர் செய்பவருக்கு உர மானியம் உண்டா? பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் பிரதியை எங்கே எடுப்பது? இப்படி ஏராளம் உண்டு. பயிர் பற்றிய கேள்விக்கு விவசாயப் போதனாசிரியரிடமோ, விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்திலோ கேட்டு எழுதுங்கள். பதில் கிடைக்காத கேள்வியை மறைக்க வேண்டாம். 'விசாரிக்கிறோம், அடுத்த தாளில் பாருங்கள்' என்று போடுங்கள், பிறகு மறக்காமல் விசாரியுங்கள்.

சில கேள்விகளுக்குக் கந்தோரில்தான் பதில் உண்டு. அதற்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் உதவுகிறது. 2017 பெப்ரவரி 3 ஆம் திகதி முதல் இது நடைமுறையில் உள்ளது. இலங்கைப் பிரசை எவரும் அரச அலுவலகமொன்றின் தகவல் உத்தியோகத்தரிடம் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் சொல்லலாம். உத்தியோகத்தர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். கோரிக்கை கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி தரவேண்டும். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். சட்டம் விலக்களித்த சில விடயங்களில் தகவல் தர மறுக்கலாம், ஆனால் மறுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

உதாரணமாக, குளக்கட்டைத் திருத்த ஒதுக்கிய பணம் எவ்வளவு, வேலை எப்போது முடிய வேண்டும் என்று கேட்கிறோம் என வைத்துக்கொள்வோம். கோரிக்கை கொடுத்த அன்றே அதைத் தாளில் போடுங்கள். அடுத்த தாளில் 'ஒன்பது வேலை நாட்கள் சென்றுவிட்டன, பதில் இன்னும் வரவில்லை' என்று எழுதுங்கள். பதில் வந்ததும் அதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எழுதுங்கள். குளத்துத் தண்ணீரை நம்பியிருக்கும் எவரும் இதில் ஒரு தாளையும் தவறவிட மாட்டார். தொடர்கதை எழுதத் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல தொடர் கிடைக்காது!

எழுதக் கூடாதவை

குடும்பச் சண்டை, சாதிப் பேச்சு, ஒருவரின் கடன், காதல் போன்றவை வேண்டாம். இவை ஒருநாள் கூட்டத்தைக் கூட்டும், மறுநாள் பலகையை உடைப்பிக்கும். உதவி பெறும் விதவைகளின் பெயர், காணாமற் போனவரைத் தேடும் குடும்பத்தின் விபரம் ஆகியவற்றை, அவர்கள் தாமாகக் கேட்டாலன்றிப் போடக் கூடாது. ஓர் உத்தியோகத்தரைப் பற்றி முறைப்பாடு வந்தால், முதலில் அவரிடம் போய் அவர் பக்கத்தையும் கேளுங்கள். கேட்காமல் எழுதிய ஒரு வரி, கேட்டு எழுதிய நூறு வரிகளின் மதிப்பையும் கெடுத்துவிடும்.

சிரிப்புக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். சிறுவர் போட்ட படம், ஒரு விடுகதை, ஆச்சி சொன்ன கைமருந்து, ஊரில் நின்ற மரங்களைப் பற்றி யாராவது எழுதிய பத்து வரி என்று எதுவும் ஆகலாம். ஊரைக் காணாத பிள்ளைகள் வாசிப்பது பெரும்பாலும் இந்த மூலையைத்தான். விடுகதையின் விடையை அடுத்த தாளில் போடுங்கள்.

குழுவாகச் செய்து பார்க்க

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் குழாயடியிலோ கடையிலோ காதில் விழுந்த ஐந்து கேள்விகளைக் குறித்துக்கொண்டு வாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அதிகம் பேர் கேட்ட கேள்விகளைத் தெரிவுசெய்யுங்கள். எந்தக் கேள்விக்கு யாரிடம் பதில் எடுப்பது, அங்கே போய் வருவது யார் என்று பங்கிட்டுக்கொள்ளுங்கள். மூன்று தாளுக்குப் போதிய விடயம் கையில் சேரும்வரை பலகையை மாட்ட வேண்டாம். மாட்டும் அன்று, முதலாவது தாளின் அடியில் இரண்டாவது தாள் வரும் திகதியைப் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.