மின்காந்த இணக்கம்

மின்னல் வெட்டும்போது வானொலி கரகரக்கும். மின்னலில் எழும் மின்காந்த அலைகள் வானொலிக்குள் புகுவதே காரணம். மின்மோட்டாரின் தீப்பொறியும் அவ்வாறே இடையூறு செய்யும். புயல் எச்சரிக்கையில் ஒரு சொல் மறைந்தாலும், கடலிலுள்ள மீனவருக்கு ஆபத்து நேரலாம். ஆகவே, ஒரு கருவி பிற கருவிகளுக்கு இடையூறு தராமலும், அவற்றின் இடையூற்றைத் தாங்கியும் இயங்க வேண்டும். இப்பண்பே மின்காந்த இணக்கம் ஆகும். உலோக உறையும் மின்வடிப்பானும் இதற்கு உதவுகின்றன.

சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும், ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அது ரங்கத்துக்கும் வருகிறது. இழையினுள் செய்தி ஒளியாகச் செல்வதால், மின்மோட்டாரின் இடையூறு அதனைத் தீண்டாது.

சொற்பொருள்: இணக்கம் – ஒத்துப்போதல்; வடம் – தடித்த கயிறு, கேபிள்.

வினா: மின்னலின்போது வானொலி கரகரப்பது ஏன்?