நகைப் பட்டறையும் நம் கடைச் சரக்கும்

நகை செய்யும் பத்தருக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று நம்மில் சிலர் கேட்கலாம். பத்தர் தெருவை ஒட்டிக் கடை வைத்திருப்பவர்கள் கேட்க மாட்டார்கள். வெங்காரம், படிகாரம், புளி, பூந்திக்கொட்டை, உப்பு, சிரட்டைக்கரி எனப் பட்டறைக்கு அன்றாடம் வேண்டிய பல சரக்குகள் நம் தராசில் ஏறித்தான் போகின்றன. மண்ணுக்கும் நீருக்கும் கேடு இல்லாமல் நகை செய்வது பற்றி இன்று உலகெங்கும் பேசுகிறார்கள். அதைச் சுரங்க முதலாளிகளும் ஏற்றுமதியாளர்களும் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. பட்டறைக்கு எந்தச் சரக்கைக் கொடுக்கிறோம், எப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பதிலும் அது இருக்கிறது.

முதலில் பற்றவைப்பை எடுத்துக்கொள்வோம். 'பொடி வைத்து ஊதுவது' என்று பேச்சில் சொல்கிறோமே, அது பட்டறையிலிருந்து வந்த சொல். இரண்டு பொன் துண்டுகளை இணைக்க, பொன்னைவிடக் குறைந்த சூட்டில் உருகும் பொடியை வைத்து ஊதுகிறார்கள். செம்பும் வெள்ளியும் கலந்த பழைய பொடியால் நகையின் மாற்றுக் குறைந்தது. அதற்கு மாற்றாகக் காட்மியம் கலந்த பொடி வந்தது. 'கே.டி.எம். நகை' என்ற பெயருக்கு மூலம் இதுதான். அதைத் தர முத்திரை என்று எண்ணிக் கேட்டு வாங்கிய வாடிக்கையாளர்கள் ஏராளம். உண்மையில் அது பற்றவைப்புப் பொடியின் பெயர், அவ்வளவே.

காட்மியம் 767 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகும். ஊதுகுழல் சூடு அதைத் தாண்டிவிடும். ஆகவே கேடு நகை அணிபவரைவிட அதை ஊதுகிறவருக்கே அதிகம். உள்ளே போன காட்மியம் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கும். 1993-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. துத்தநாகம் கலந்த பொடி, லேசர் பற்றவைப்பு என்று மாற்று வழிகள் வந்துவிட்டன. துத்தநாகப் புகையும் காய்ச்சலைத் தரக்கூடியது என்பதால் ஜன்னல் இல்லாத அறையில் அதையும் ஊதக்கூடாது.

இதில் மளிகைக்காரருக்கு வேலை இல்லை. அடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது. ஊதி முடித்த நகை கறுத்து, வெங்காரம் கண்ணாடி போல ஒட்டியிருக்கும். அதை எடுக்க நீர்த்த கந்தகத் திராவகத்தில் போடுவது பல பட்டறைகளின் வழக்கம். சூடான நகையை அப்படியே போட்டால் திராவகம் தெறிக்கும். சட்டையில் ஓட்டை விழும், கண்ணில் பட்டால் பார்வை போகும். இதே வேலையை எலுமிச்சை உப்பு, அதாவது நாம் பொட்டலம் கட்டி விற்கும் சிட்ரிக் ஆசிட், செய்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 100 கிராம் போட்டு, கொதிக்கவிடாமல் சூடாக வைத்துக்கொண்டால் போதும். திராவகத்தைவிடச் சற்று நேரம் பிடிக்கும். அவசர வேலைக்காரர்கள் இதைத்தான் குறையாகச் சொல்வார்கள். ஆனால் வீட்டின் முன்னறையே பட்டறையாகவும், குழந்தைகள் சுற்றி விளையாடும் இடமாகவும் இருக்கையில் அந்தச் சில நிமிடங்கள் பெரிய நஷ்டமல்ல.

வாங்குகிறவரிடம் இரண்டு விஷயம் சொல்லிக் கொடுக்கலாம். இரும்பு இடுக்கியை அந்தத் தண்ணீரில் விட்டால் கரைந்திருக்கும் செம்பு நகைமேல் படியும். செம்பு இடுக்கியோ மரக் குச்சியோதான் ஆகும். எலுமிச்சை உப்பையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக்கூடாது. குளோரின் வாயு கிளம்பும். இந்த இரண்டாவது விஷயம் நம் கிடங்குக்கும் பொருந்தும்.

எலுமிச்சை உப்பு என்பதால் பயன்படுத்திய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றலாம் என்று நினைத்துவிடக் கூடாது. பச்சையாக மாறியிருந்தால் அதில் செம்பு இருக்கிறது. செம்பு மீனுக்கு நஞ்சு. கந்தகத் திராவகமாயின் சமையல் சோடா போட்டுச் செம்பைக் கசடாக இறக்கலாம். எலுமிச்சை உப்பு செம்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அப்படி எளிதில் இறங்காது. அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் வற்றவிட்டு, கசடை அபாயக் கழிவு எடுக்க உரிமம் பெற்றவரிடம் கொடுப்பதே முறை. பட்டறை மண்ணைக் கூட்டிச் சேர்த்து, கை கழுவிய தண்ணீரைக்கூடத் தெளியவிட்டுப் பொன் எடுக்கும் தொழில் இது. அந்தச் சிக்கனக்காரருக்கு இன்னொரு தொட்டி வைப்பது பெரிய வேலையல்ல.

பொன்னைப் பிரித்தெடுக்கும் நைட்ரிக் திராவகத்துக்கு மட்டும் நம் அலமாரியில் மாற்று இல்லை. அதிலிருந்து எழும் பழுப்புப் புகையைச் சுவாசித்தவர் அப்போது நன்றாகத்தான் இருப்பார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். திராவகம் விற்பவர்கள் 2013 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவை மறக்கக்கூடாது. வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். புகைப்பட அடையாள அட்டை பார்க்க வேண்டும், எதற்கு என்று கேட்க வேண்டும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குக் கொடுக்கக்கூடாது. கணக்கில் காட்டாத இருப்புப் பறிமுதலாகும். 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. 'தெரிந்த பத்தர்தானே' என்று ஏட்டில் எழுதாமல் விடுவது நமக்கே வினையாகும்.

வெங்காரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உலகில் சிறு சுரங்கக்காரர்கள் பலர் பாதரசத்தைக் கொண்டு பொன்னைப் பிடித்து, பிறகு அதைச் சுட்டுப் பாதரசத்தை ஆவியாக்குகிறார்கள். மனிதர் செயலால் காற்றில் கலக்கும் பாதரசத்துக்கு இதுவே முதற் காரணம். 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை இதைக் குறைக்கச் சொல்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டின் பெங்கெட் பகுதியிலோ சிறு சுரங்கக்காரர்கள் பாதரசத்தை விட்டுவிட்டு, தாதுப்பொடியைச் சலித்தலசி, வெங்காரம் சேர்த்து உருக்கிப் பொன் எடுக்கிறார்கள். பத்தர் நம்மிடம் கால் கிலோ கேட்கிறாரே, அதே வெங்காரம்தான்.

ஆனால் வெங்காரம் உணவுப் பொருளல்ல; தின்பண்டத்தில் சேர்க்க அனுமதி கிடையாது. எலுமிச்சை உப்பிலும் உணவுத் தரம் வேறு, தொழில் தரம் வேறு. பட்டறைக்கென்று மலிவாக வாங்கிய மூட்டையிலிருந்து சமையலுக்கு நிறுத்துக் கொடுக்கக்கூடாது. வெங்காரப் பொடி, படிகாரப் பொடி, எலுமிச்சை உப்பு, சர்க்கரைத் தூள் நான்கும் பார்வைக்கு ஒன்றுபோலவே வெள்ளை. எனவே பட்டறைச் சரக்குக்குத் தனித் தட்டு, தனிக் கரண்டி, மூடியில் பெரிய எழுத்தில் பெயர் வையுங்கள். கடைப் பையன் புதியவராக இருந்தால் முதல் நாளே காட்டிக் கொடுத்துவிடுங்கள்.