வெள்ளாடுகளின் வயிற்று நோய்களும் அவற்றிற்கான பரிகாரங்களும்

முந்தல் பகுதியில் நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் பலர் வெள்ளாடுகளையும் வளர்த்து வருகின்றனர். மழை பொய்த்த போகத்தில் விதைநெல் வாங்கவும், பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்கும், வீட்டில் ஒருவர் நோயுற்றவிடத்தும் உடனே பணமாக்கக்கூடிய கைமுதல் ஆடு ஒன்றேயாம். மாலையில் நலமாகக் கட்டப்பட்ட ஆடு, விடியுமுன் வயிறு வீங்கி இறந்து கிடப்பதுண்டு. இதனைக் கண்ணூறு என்றும், பாம்பு தீண்டியது என்றும் கருதிவிடுவோர் உளர். ஆராய்ந்து பார்ப்பின், பலமுறை அதற்குக் காரணம் முதல்நாள் அது தின்ற தீனியாகவே இருக்கும்.

பெருவயிற்றின் இயல்பு

ஆடு, மாடு, எருமை, மான் ஆகியன இரைமீட்கும் பிராணிகள். இவற்றின் வயிறு நான்கு அறைகளை உடையது. அவற்றுள் முதலாவதும் மிகப் பெரியதுமாகிய அறையைப் பெருவயிறு என்பர். அது தீனியைப் புளிக்கவைக்கும் ஒரு பானை போன்றது. அதனுள் வாழும் எண்ணிறந்த நுண்ணுயிர்களே புல்லின் நாரைச் சிதைத்து ஆட்டுக்கு உணவாக்கித் தருகின்றன. அப்பொழுது உண்டாகும் காபனீரொட்சைட்டு, மெதேன் ஆகிய வாயுக்கள் ஏப்பமாக வெளியேறும்.

புல்லையும் இலையையும் சிதைக்கும் நுண்ணுயிர்கள் வேறு. தானியத்தைச் சிதைப்பவை வேறு. ஒரு தீனியிலிருந்து மற்றொன்றுக்குப் பெருவயிறு பழகுவதற்கு 10 முதல் 14 நாட்கள் வரை செல்லும். பிடுங்கி நட்ட நாற்று வேர் கொள்வதற்கு நாள் கொடுக்கும் கமக்காரர், ஆட்டின் வயிற்றுக்கும் அவ்வாறே நாள் கொடுத்தல் வேண்டும்.

இவ்வுண்மை மான்களிலும் காணப்பட்டுள்ளது. வட அமெரிக்காவில் பனிக்காலத்தில் பசித்திருக்கும் காட்டு மான்களுக்கு மக்கள் இரக்கங்கொண்டு சோளத்தை இட்டனர். குச்சிகளையும் மொட்டுக்களையும் தின்று பழகிய அம்மான்களுட் சில, வயிறு நிறையச் சோளம் தின்ற பின்னர் இறந்தன. அவற்றைக் கொன்றது பசியன்று, பழகாத தானியமே.

நலமுள்ள ஆட்டின் இடப்பக்கத்தில், கடைசி விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்திற் கைமுட்டியை அழுத்திவைத்தால், பெருவயிறு நிமிடத்திற்கு ஒன்று அல்லது இரண்டு தடவை உருண்டு அசைவதை உணரலாம். அசைவு நின்றிருப்பினும், ஆடு இரைமீட்காதிருப்பினும் நோய் தொடங்கிவிட்டதென அறிக.

1. வயிற்றூதல்

பயறு, கௌபி, நிலக்கடலை ஆகியவற்றின் பசுங்கொடியையும், மழைக்குப் பின் தழைத்த இளம்புல்லையும், கோவா இலைக் கழிவையும் பசியோடு மிகுதியாகத் தின்ற ஆட்டுக்கு இந்நோய் வரும். வாயு சிறு நுரையாகித் தீனியோடு கலந்துவிடுவதால் ஏப்பம் வெளிவராது. இடப்பள்ளம் மேடாகிப் பறைபோல் ஒலிக்கும். ஆடு வயிற்றை உதைக்கும், வாயைத் திறந்து மூச்சுவாங்கும், பின்னர் விழும். ஓரிரு மணித்தியாலத்தில் இறத்தலும் கூடும்.

பரிகாரம்: ஆட்டை முன்கால்கள் உயர்ந்த இடத்தில் இருக்குமாறு நிறுத்துக. வளர்ந்த ஆட்டுக்குத் தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் 100 மில்லிலீற்றரும், குட்டிக்கு அதன் மூன்றிலொரு பங்கும் சிறிது சிறிதாகப் பருக்குக. எண்ணெய் நுரையை உடைக்கும். பின்னர் இடப்பள்ளத்தை நன்கு பிசைந்து, ஆட்டை மெல்ல நடத்துக. ஒரு வேப்பங்குச்சியை வாயின் குறுக்கே கடிவாளம்போற் கட்டின், ஆடு மென்று உமிழ்நீர் சுரக்கும்; ஏப்பமும் வரும்.

மாங்கொட்டை, கிழங்குத் துண்டு முதலியன தொண்டையில் அடைத்தாலும் வயிறு ஊதும். அப்பொழுது ஆடு எச்சில் வடித்துக் கழுத்தை நீட்டும். அவ்வாட்டுக்கு எதனையும் பருக்காது கால்நடை வைத்தியரிடம் உடனே கொண்டுசெல்க. கத்தியால் வயிற்றைக் குத்துதல் ஆகாது. தீனி வயிற்றறைக்குட் சிந்தி ஆடு இறக்கும்.

2. தானியம் மிகுதியாகத் தின்பதால் வரும் நோய்

வெயிலில் உலரப் பரப்பிய நெல்லிலோ, அரிசி மூடையிலோ, விருந்தில் மிஞ்சிய சோற்றிலோ வாய்வைத்த ஆட்டுக்கு இது வரும். ஹஜ்ஜுப் பெருநாளை முன்னிட்டுக் கடாவை விரைவிற் கொழுக்கவைக்க எண்ணி, திடீரெனத் தானியத்தைக் கூட்டுவோரின் கடாக்களும் இதற்கு இரையாகின்றன.

தானியம் விரைவிற் புளித்துக் கடும் அமிலமாகும். அவ்வமிலத்தால் நாரைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மடியும். பெருவயிற்றின் உட்டோலும் புண்படும். உடலிலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படும். அடையாளங்கள் அன்றிரவோ மறுநாளோ தோன்றும். ஆடு சோர்ந்து பல்லை நெறுநெறுக்கும், தள்ளாடும், வயிற்றை அசைத்தால் நீர் தளும்பும் ஓசை கேட்கும், புளிநாற்றமுடைய கழிச்சல் காணும், கண் குழிவிழும்.

பரிகாரம்: தின்றது தெரிந்தவுடனேயே, அடையாளம் தோன்றும்வரை காத்திராது, செயற்படல் வேண்டும். மிஞ்சிய தானியத்தை அகற்றுக. அப்பச்சோடா மட்டமாக 4 தேக்கரண்டி, ஏறக்குறைய 20 கிராம், எடுத்து அரை லீற்றர் வெதுவெதுப்பான நீரிற் கரைத்து, வளர்ந்த ஆட்டுக்குப் பருக்குக. நான்கு மணித்தியாலத்தின் பின் மீண்டும் ஒரு முறை கொடுக்கலாம். உலர்ந்த வைக்கோலையும் புல்லையுமன்றி வேறு தீனி சில நாட்களுக்கு ஆகாது. ஆடு படுத்துவிட்டாலோ, மிகுதியாகத் தின்றிருந்தாலோ, வீட்டு மருந்தை மட்டும் நம்பியிராது வைத்தியரை அழைத்தல் வேண்டும்.

ஆபத்து நீங்கிய பின்னரும் பசியின்றியிருக்கும் ஆட்டுக்கு, இறைச்சிக்காக அறுக்கப்பட்ட நலமுள்ள ஆட்டின் பெருவயிற்றுச் சாற்றைத் துணியில் வடித்து, சூடு ஆறுமுன் அரை லீற்றர் பருக்கலாம். மோர் உறையிடுவது போன்று, மடிந்த நுண்ணுயிர்களுக்குப் பதிலாகப் புதியன வயிற்றிற் குடியேறும்.

3. கழிச்சலும் குடற்புழுவும்

மாரிக்காலத்தில் ஆடு நாளுக்குநாள் மெலிந்து, கீழ்த்தாடையில் நீர் தங்கித் தொங்கினால், இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழுவே காரணமாகலாம். அப்புழுக்களுட் பெண் ஒன்று நாளொன்றுக்கு 5,000 முட்டைகளுக்கு மேல் இடும். முட்டையிலிருந்து வரும் குடம்பிகள் ஈரப்புல்லில் ஏறிக் காத்திருக்கும். ஆட்டின் கீழிமையைத் திறந்து பார்க்க. உட்புறம் சிவந்திருப்பின் நலம். வெளுத்திருப்பின் புழு மருந்து தேவை. மருந்தின் அளவை ஆட்டின் நிறைக்கேற்ப வைத்தியரே குறித்தல் வேண்டும். குறைந்த அளவிற் கொடுத்துவந்தால் புழுக்கள் அம்மருந்தைத் தாங்கப் பழகிவிடும்.

கழிச்சலால் நீரிழந்த குட்டிக்கு, கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, அடிக்கடி சிறிதளவாகப் பருக்குக. கழிச்சலில் இரத்தம் கண்டால் தாமதியாது வைத்தியரிடம் காட்டுக.

4. பொலித்தீன்

திருகோணமலை நகரில் உலாவும் புள்ளிமான்கள் குப்பையிலுள்ள பொலித்தீனைத் தின்று இறந்துள்ளன. ஆட்டின் கதியும் அதுவே. பெருவயிற்றிற் பொலித்தீன் செரிக்காது, வெளியேறாது. தீனி செல்லும் வழியை அடைக்கும். அறுவைச் சிகிச்சையன்றி அதற்கு மருந்தில்லை. பசளைப் பைகளையும் நாற்றுப் பைகளையும் தோட்டத்தில் விட்டுவைத்தல் கூடாது.

மருந்து பருக்கும் முறை

ஆட்டின் தலையை முதுகின் மட்டத்திற்கு மேல் உயர்த்தலாகாது. போத்தலின் வாயைக் கடைவாயிற் செருகி, ஒவ்வொரு மிடறாக விழுங்கவிடுக. அவசரப்பட்டு ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குட் சென்றுவிடும். விழுங்க இயலாது கிடக்கும் ஆட்டுக்குப் பருக்கலாகாது.

வருமுன் காத்தல்

(அ) தீனியை மாற்றுவதாயின் இரண்டு வாரத்திற் சிறிது சிறிதாக மாற்றுக.

(ஆ) பசுங்கொடிகளைக் கொடுக்குமுன் வைக்கோலோ உலர்புல்லோ கொடுத்து அரைப்பசி ஆற்றுக. கொடிகளை ஒரு நாள் வாடவிடுதல் நன்று.

(இ) பனி உலர்ந்த பின்னரே மேயவிடுக. பூச்சிமருந்து தெளித்த பாத்தியிலுள்ள இலைகளைக் கொடுக்காதிருக்க.

(ஈ) நெல் உலர்த்தும் நாட்களிலும், வீட்டில் விருந்து நடக்கும் நாட்களிலும் ஆடுகளைக் கட்டிவைக்க.

(உ) ஒரு போத்தல் எண்ணெயும் ஒரு பொதி அப்பச்சோடாவும் வீட்டில் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்தின் தொலைபேசி இலக்கத்தைக் கொட்டிற் கதவில் எழுதிவைக்க.

அந்தியில் ஆட்டைக் கட்டும்பொழுது இடப்பள்ளத்தில் ஒரு முறை கைவைத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். அவ்வேளையில் அறியப்படும் வயிற்றூதல் எண்ணெயால் தீரக்கூடும். விடிந்தபின் அறியப்படுவதற்குப் பெரும்பாலும் பரிகாரம் இராது.