பள்ளிப் பையில் ஒரு மருத்துவச் சீட்டு

வீட்டில் தமிழக அரசின் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லையா? பிள்ளை படிக்கும் அரசுப் பள்ளியிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள். ஆண்டுக்கொரு முறை மருத்துவக் குழு அங்கே வந்து பரிசோதிக்கும். இதயக் கோளாறு, காது மந்தம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், அதைப் புத்தகப் பையிலேயே கசங்கிக் கிடக்க விடாதீர்கள்; உடனே அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஆபரேஷன் என்று ஆனபிறகு அட்டைக்கு அலைவது பெரும்பாடு.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், இந்த அட்டை மூலம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை; பிரீமியம் கிடையாது. வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸிலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். கிளம்பும் முன் ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இதைக் கவனிக்காமல் போய்த் திரும்புகிறவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற எண்ணில் கேளுங்கள், கட்டணமில்லை.