ஏதிலிப் பிள்ளைகளும் கல்வியும்

1983-ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் இலங்கையினின்று வந்த தமிழ்க் குடும்பங்கள், வையம்பட்டியை உள்ளிட்ட நம் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை முகாம்களிலும் குடியேறின. 1984-இல் எஸ். சி. சந்திரஹாசன் தோற்றுவித்த ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், தமிழ்நாட்டு முகாம்களில் மாலை வகுப்புகளை நடத்திற்று. அங்கே கற்பித்தோர் ஏதிலியருள் கற்றவர்களே. அவ்வாண்டிலேயே பர்மாவினின்று தாய்லாந்து எல்லையை அடைந்த கரேன் மக்களும், தம்முள் கற்றோரைக் கொண்டே தாய்மொழியிற் பள்ளி நடத்தினர்.

இவற்றால் நாம் அறியத்தக்கது யாது? பள்ளிக்குக் கூரை இல்லையெனில் மரநிழல் போதும். கற்பிப்பவர் வயிற்றுப்பாட்டிற்காகக் கூலிவேலைக்குப் போய்விடின் வகுப்பே நின்றுவிடும். ஆதலின் மாணவ நண்பர்காள், உதவ விரும்புவோர் முதற்கண் ஆசிரியரின் ஜீவனத்துக்கு வழி செய்க. பலகையும் புத்தகமும் அதன் பின்னரே பயன் தரும்.