கைபேசி யார் கையில்?



இந்த மாதப் பாடம் கொஞ்சம் தூரம் போகும். மரக்காணம் உப்பளத்தில் புறப்பட்டு, புதுச்சேரி, குஜராத் வழியாக ஆப்பிரிக்கா வரைக்கும் போகிறோம். ஊக்குநர் சத்தமாகப் படியுங்கள். மற்றவர்கள் நடுவில் நிறுத்திப் பேசலாம். ஒரே கூட்டத்தில் முடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

முதலில் ஒரு கேள்வி. உங்க பேங்க் கணக்கில் எழுதிக் கொடுத்திருக்கிற செல் நம்பர் யாருடையது?

கேட்டவுடனே பல பேர் யோசிப்பீங்க. கணக்கு திறந்த அன்னிக்கு வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்திருப்போம். இல்லைன்னா மகன் நம்பர். அந்த மகன் இப்போ சென்னையிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கிறான். பணம் ஏறினாலும் இறங்கினாலும் செய்தி அவனுக்குத்தான் போகுது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கியபோது பணம் பெண்கள் பேரில் உள்ள கணக்குக்கே வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் வந்த சேதி யார் செல்லுக்கு வந்தது? உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் என்று 2022ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்தபோதும் இதே கதைதான். பாத்தியில் காலையிலிருந்து உப்பு வாரினவளுக்கு, தன் கணக்கில் பணம் ஏறின விஷயத்தை வேறொருவர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கு. அவர் சொல்ல மறந்துவிட்டால்? சொல்ல மனசில்லை என்றால்?

வீட்டில் போன் இல்லை என்று இந்தக் காலத்தில் யாரும் சொல்வதில்லை. ஆனால் வீட்டில் இருப்பது வேறு, நம்ம கையில் இருப்பது வேறு. மத்திய அரசு எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019-21) இதைக் கேட்டுப் பார்த்தது. தானே பயன்படுத்தும் கைபேசி வைத்திருக்கிற பெண்கள் இந்தியாவில் 100க்கு 54 பேர்தான். இன்டர்நெட்டை ஒரு தடவையாவது பயன்படுத்தியவர்கள் ஆண்களில் 100க்கு 57, பெண்களில் 33. ஆண் பெண் சமத்துவம் என்று மேடையில் பேசுகிறோமே, அது இந்த இரண்டு எண்ணுக்கு நடுவிலும் இருக்கு.

இப்போ பக்கத்து ஊர்க் கதைக்கு வருவோம். நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் புதுச்சேரி. அங்கே 1998ல், டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதனின் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையங்களை ஆரம்பித்தது. கனடா நாட்டு உதவியோடு வில்லியனூரில் ஒரு தலைமை மையம், சுற்றியுள்ள கிராமங்களில் கிளை மையங்கள். அந்தக் காலத்தில் கிராமத்துக்கு ஒரு டெலிபோன் கிடைப்பதே பெரும்பாடு. அதனால் வயர்லெஸ் கருவி வைத்து ஊருக்கு ஊர் சேதி அனுப்பினார்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்று சோலார் தகடும் போட்டார்கள். நெல் என்ன விலை, எந்த ஆஸ்பத்திரியில் எந்த நாள் எந்த டாக்டர், எந்தத் திட்டத்துக்கு யாரிடம் மனு கொடுப்பது, இதெல்லாம் தமிழில் கிடைத்தது. 'நம்ம ஊரு செய்தி' என்று ஒரு பத்திரிகையும் போட்டார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது கம்ப்யூட்டரை இல்லை, நிபந்தனையை. இடம் ஊர் கொடுக்கணும், ஆனால் எந்தச் சாதிக்காரரும் உள்ளே வர வேண்டும். மையத்தை நடத்துகிற தொண்டர்களில் பெண்களும் இருக்கணும். ஏம்பலத்தில் மையம் கோயில் வளாகத்தில் அமைந்தது. கோயில் என்றால் யார் வரலாம், எந்த நாளில் வரக்கூடாது என்று ஊரில் பேச்சு வருமே! அதையும் பேசி முடித்துத்தான் கதவைத் திறந்தார்கள். அந்த ஊர்ப் பெண்களே பொட்டியைத் தட்டக் கற்றுக்கொண்டு மற்றவர்களுக்குச் சேதி சொன்னார்கள். மிஷினை வாங்குவது ஒரு நாள் வேலை. அது யாருக்குப் பொது என்று பேசி முடிப்பதுதான் நாள் பிடிக்கிற வேலை. நம்ம ஊர் நூலகத்துக்கும், ரேஷன் கடைத் திண்ணைக்கும், இப்போதைய இ-சேவை மையத்துக்கும் இது பொருந்தும்.

கடற்கரைக் கிராமமான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயரக் கணிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலுக்குப் போகலாமா கூடாதா என்று அதைக் கேட்டு முடிவு செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் காது உண்டே! 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்துக்கு, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் சேதி பார்த்து போன் செய்தார். அறிவு மையத்து ஒலிபெருக்கியில் ஊருக்கே அறிவித்து ஜனங்களை வெளியேற்றினார்கள். உயிர்கள் பிழைத்தன. நம்ம கரையில் அந்தக் காலை எப்படி விடிந்தது என்று நமக்குத் தெரியும், அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

அடுத்து குஜராத். இலா பட் அம்மா 1972ல் அகமதாபாத்தில் 'சேவா' என்ற பெண் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். 1974ல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டு சொந்த பேங்கே திறந்துவிட்டார்கள். அதில் பெரும்பாலோருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கையெழுத்து இல்லாமல் பேங்க் எப்படி நடக்கும்? கணக்கு எண் எழுதின சிலேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோதான் அடையாளம். அன்றைக்கு கேமரா பெரிய தொழில்நுட்பம். படிக்காதவள் பேங்குக்கு வரக்கூடாது என்று சொல்லாமல், அவளுக்கு ஏற்ற மாதிரி பேங்கை மாற்றினார்கள். 1984ல் வீடியோ கேமராவும் சேவா பெண்கள் கைக்கு வந்தது. எழுத்தறியாத பெண்களும் படம் பிடித்து, தங்கள் கஷ்டத்தைத் தாங்களே காட்டினார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான விஷயம் ஒன்று இருக்கு. குஜராத்தில் சின்ன ரண் என்னும் பாலையில் அகரியா என்னும் உப்புத் தொழிலாளர்கள் வருஷத்தில் ஏழெட்டு மாசம் குடும்பத்தோடு பாத்தி ஓரத்திலேயே குடிசை போட்டுத் தங்குகிறார்கள். பூமிக்கு அடியில் இருக்கும் உப்புத் தண்ணியை டீசல் எஞ்சின் வைத்து இறைக்க வேண்டும். கிடைக்கிற காசில் பெரும் பங்கு டீசலுக்கே போனது. டீசல் வாங்க வியாபாரியிடம் முன்பணம், அதற்காக அவர் சொல்கிற விலைக்கே உப்பு. இந்தச் சுழலை உடைக்க சேவா உறுப்பினர்கள் சோலார் பம்புக்கு மாறினார்கள். கடன் பெண்கள் பேரில், பம்பும் பெண்கள் பேரில். நம்ம பக்கம் கழுவெளி, பக்கிங்காம் கால்வாய், உப்பங்கழி என்று தண்ணி வருகிற வழி வேறு. பெரும்பாலும் நாம் கூலிக்குத்தான் போகிறோம், பாத்தி நம்முடையது இல்லை. அதனால் அப்படியே காப்பி அடிக்க முடியாது. ஆனால் முன்பணம் என்ற சொல் நமக்குப் புதுசா என்ன?

இப்போ கடல் தாண்டுவோம்.

ஆப்பிரிக்காவில் உகாண்டா என்று ஒரு நாடு. 2000ஆம் வருஷம் அங்குள்ள பெண்கள் அமைப்புகள் சேர்ந்து ஒரு வலைப்பின்னல் அமைத்தன. சுருக்கப் பெயர் 'வூக்நெட்'. கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வந்துவிட்டது, இதிலும் பெண்கள் பின்தங்கிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். ஆனால் கிராமத்தில் கரண்டே இல்லை, இன்டர்நெட்டுக்கு எங்கே போக? வடக்கே அபாக் மாவட்டத்தில் ஒரு தகவல் மையம் வைத்து, அங்குள்ள பெண் விவசாயிக் குழுக்களுக்கு ரேடியோ கேசட் பெட்டியும் கைபேசியும் கொடுத்தார்கள். பயிர்ச் சேதியெல்லாம் அவர்கள் பேசும் லுவோ மொழியில் வந்தது. குழுவாக உட்கார்ந்து ரேடியோ கேட்பார்கள், சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேட்பார்கள். தனி ஆளுக்குக் கொடுத்திருந்தால் அந்தப் போன் வீட்டு ஆம்பளை சட்டைப் பையில் போய் உட்கார்ந்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. குழுவுக்குக் கொடுத்ததால் அது குழுவின் சொத்து. தீர்மான நோட்டில் ஏறின பொருளை யாரும் சுலபமாக எடுத்துக்கொண்டு போக முடியாது, இல்லையா?

உகாண்டாவில் 2003ல் இன்னொன்றும் வந்தது. வங்கதேசத்தில் கிராமீன் பெண்கள் 1997லிருந்து கடன் வாங்கி ஒரு செல்போன் வைத்து, ஊராருக்கு நிமிஷக் கணக்கில் பேசக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். அதே தொழில் அங்கும் பரவியது. சில வருஷம் நல்ல வருமானம். பிறகு எல்லோர் கையிலும் போன் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. நம்ம ஊர் எஸ்.டி.டி. பூத் கதையேதான். தொழில்நுட்பத்தை நம்பிக் கடன் வாங்குகிற சகோதரிகள் இதை மனதில் வையுங்கள். ஜெராக்ஸ் மிஷினானாலும் ஆன்லைன் சென்டரானாலும், தவணை முடிகிற வரைக்கும் அந்தத் தொழில் இருக்குமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

கென்யா நாட்டில் நம்ம குழு மாதிரியே பெண்கள் சேமிப்புக் குழுக்கள் உண்டு. பேர் 'சாமா'. அந்த நாட்டில் 2007ல் 'எம்-பேசா' என்று செல்போன் வழியாகப் பணம் அனுப்பும் முறை வந்தது. ஸ்மார்ட் போன் வேண்டாம், சாதா பட்டன் போன் போதும். பேங்கே இல்லாத ஊரிலும் பொட்டிக் கடையில் பணம் போடலாம், எடுக்கலாம். 2016ல் வெளியான ஓர் ஆய்வு, இதனால் சுமார் 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மேலே வந்ததாகவும், சுமார் 1,85,000 பெண்கள் விவசாய வேலையிலிருந்து சொந்த வியாபாரத்துக்கு மாறியதாகவும் கணக்கிட்டது. பெண்ணே தலைவியாக இருக்கும் குடும்பங்களில்தான் பலன் அதிகம் தெரிந்தது. என்ன காரணம் இருக்கும்? எங்களுக்குத் தோன்றுவது இதுதான்: அஞ்சறைப் பெட்டியில் ஒளித்த காசை யாரும் எடுத்துவிடலாம். ரகசிய எண் போட்ட காசை அவளைத் தவிர யாரும் எடுக்க முடியாது. அந்த எண்ணை அவள் யாரிடமும் சொல்லாத வரைக்கும்!

ஆப்பிரிக்கப் பெண்கள் நம்ம நாட்டுக்கே வந்து படித்த கதையும் இருக்கு. ராஜஸ்தானில் திலோனியா என்ற கிராமத்தில் 'வெறுங்கால் கல்லூரி'. அங்கே சியரா லியோன், மலாவி போன்ற நாடுகளின் கிராமத்துப் பெண்கள், அதிலும் பாட்டிமார்கள், இந்திய அரசு உதவியோடு வந்து ஆறு மாசம் தங்கி சோலார் விளக்கு செய்யவும் பழுது பார்க்கவும் கற்றார்கள். ஹிந்தி தெரியாது, இங்கிலீஷ் தெரியாது, பல பேருக்கு எழுத்தே தெரியாது. வயரின் நிறம், கை ஜாடை, செய்து காட்டுவது, அவ்வளவுதான் பாடம். ஏன் பாட்டிமார்கள் என்றால், இளைஞனுக்குக் கற்றுக் கொடுத்தால் சான்றிதழை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்விடுவான், பாட்டி ஊரிலேயே இருப்பாள். 'எனக்கு வயசாச்சு, இதெல்லாம் வராது' என்று நம்ம குழுவில் சொல்கிற அக்காமார்கள் இந்தப் பத்தியை இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேளுங்க.

சரி, மரக்காணத்துக்கு வருவோம். நமக்கு இதில் என்ன வேலை?

உப்பளத்துக்காரிக்கு மழைச் சேதி முக்கியம். கோடையில் ஒரு மழை இறங்கினால் பாத்தியில் விளைந்த உப்பு கரையும், அடுத்த சில நாள் வேலையும் போகும். வானிலைத் துறை 2019ல் 'மேகதூத்' என்ற செயலியை விவசாயிகளுக்காக வெளியிட்டது. குழுவில் ஒருத்தி பார்த்து மற்றவர்களுக்குச் சொன்னாலே போதும். மீன் கூடை தூக்கும் சகோதரிகளுக்கும் இது உதவும்.

அடுத்து பேங்க் விஷயம். சொந்த நம்பர் இருக்கிறவர்கள் பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய், எழுதிக் கொடுத்து நம்பரை மாற்றுங்கள். வீட்டில் சண்டை வருமே என்று பயப்படுகிறவர்கள் தனியாகப் போக வேண்டாம், குழுவாகப் போங்க. ஓ.டி.பி. எண்ணை பேங்க் மேனேஜர் என்று சொல்லிக் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. பேங்கிலிருந்து யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் இடத்தில், 'ரேகை விழல, இன்னொரு தடவை வைம்மா' என்றால், முதல் தடவைக்கு என்ன ஆச்சு என்று கேட்டு ரசீது வாங்கின பிறகு வையுங்கள். உப்புத் தண்ணியில் நின்று நின்று நம்ம விரல் ரேகை தேய்ந்திருப்பது உண்மைதான். ஆனால் அதுவே ஏமாற்றுகிறவனுக்கு வசதியாகிவிடக் கூடாது. பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 1930க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. போனில் மிரட்டல், ஆபாசம் என்று வந்தால் 181. வெட்கப்பட வேண்டியவன் அனுப்பினவன்தான்.

பெண் பிள்ளைகள் பற்றியும் சொல்லணும். 'பொண்ணு கையில் போன் இருந்தா கெட்டுப் போயிடுவா' என்று ஆம்பளைகள் சொன்னால்கூடப் பரவாயில்லை, நாமே சொல்கிறோம். அதே வீட்டில் பையன் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் போனும் கையுமாக இருக்கிறான், அவனை யாரும் கேட்பதில்லை. பிளஸ் டூ படிக்கிற பெண்ணுக்கு ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், தேர்வு முடிவு, வேலை அறிவிப்பு எல்லாம் போனில்தான் வருது. கண்டிப்பு வேண்டுமென்றால் இரண்டு பேருக்கும் ஒரே கண்டிப்பு வையுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் பாஸ்புக்கையும், வீட்டில் எந்தப் போன் இருக்கிறதோ அதையும் கொண்டு வாங்க. யார் கணக்கில் யார் நம்பர் என்று ஊக்குநர் நோட்டில் எழுதட்டும். ரகசிய எண்ணை மட்டும் யாரும் சொல்ல வேண்டாம், ஊக்குநரிடமும் கூட. குழுவுக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, போனில் செய்தி படிக்கவும் கணக்குப் பார்க்கவும் மற்றவர்களுக்குக் கற்றுத்தர வையுங்கள். ஒருவர் இளம் பெண்ணாகவும் இன்னொருவர் ஐம்பது வயது தாண்டியவராகவும் இருந்தால் நல்லது. கூட்டம் உப்பு வாரும் நாளில் வேண்டாம், எல்லோரும் களைத்துப் போயிருப்பார்கள். எத்தனை பேர் நம்பர் மாற்றினார்கள் என்ற விவரத்தைத் தீர்மான நோட்டில் எழுதி கூட்டமைப்புக்கு அனுப்புங்க.